சிங்கி வெந்த சனிக்கிழமை

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது மனைவி ஒடாலியை ஜெயித்துவிடுவது என்று நூமா முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். நியூ ஆர்லியன்ஸில் அவர்கள் பேட்டைக்கு ஓட்டெடுப்பு வந்தது. வீட்டுக்கு வீடு வருஷாவருஷம் காவல் கட்டணம் கட்டணும். கட்டினால் மஞ்சள் விளக்கு வைத்த கார் ஒன்று ராத்திரியெல்லாம் தெருவைச் சுற்றும். வேணுமா, வேண்டாமா? சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஓட்டு. ராத்திரி எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

நூமா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்று முதல் தெருவுக்குக் காவல் அவர்தான். யாரும் நியமிக்கவில்லை, அவரே நியமித்துக்கொண்டார். பொழுது சாய்ந்தால் முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து "யாரது?" என்பார். தெருநாய்கூட நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போகணும். "நூமா அண்ணன் இருக்கையில நமக்கென்ன பயம்" என்று நாலு பேர் சொல்வார்கள். அந்தச் சொல்லில்தான் அவருக்குச் சோறு செரித்தது. கார் வந்துவிட்டால்? நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

ஒடாலியோ "வேணும்" கட்சி. கட்சிக்குத் தலைவியே அவள்தான்.

"நான் இருக்கேன்ல, காரு எதுக்குடி?"

"போன மாசம் திருடன் வந்தப்பவும் நீங்க இருந்தீங்க. உங்க பக்கத்து நாற்காலியைத்தானே தூக்கிட்டுப் போனான்?"

"என் நாற்காலியைத் தொட்டானா?"

"எப்படித் தொடுவான்? குறட்டையில அது ஆடிக்கிட்டில்ல இருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை ஒடாலி தொலைபேசியில் பேசியது நூமா காதில் விழுந்தது. "சனிக்கிழமை மூணு மணிக்கு நம்ம பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்தே போயி ஓட்டைப் போட்டுரலாம்."

நூமாவுக்குள் விளக்கு எரிந்தது.

அந்த ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நண்டுக் கொடுக்கும் இறால் உடம்புமாக இருக்கிற சேற்றுச் சிங்கி வேகிற பானையை விட்டு எந்த மனுஷனும் எழுந்து போனதாகச் சரித்திரம் கிடையாது. வீடு எரிந்தாலும், வாயிலிருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுவார்கள். ஆகவே சனிக்கிழமை கொல்லையில் சிங்கி விருந்து. "வேணும்" கட்சிப் பெண்கள் அத்தனை பேரையும் ரெண்டு மணிக்கே மேஜையில் உட்கார்த்திவைத்து எட்டு வரை எழவிடக் கூடாது. "வேண்டாம்" கட்சி ஆண்கள், நூமாவின் கூட்டாளி பர்னல் தலைமையில், சாயங்காலமாகப் போய் ஓட்டைக் குத்திவிடுவார்கள். தானும் நடுவில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்தால் தீர்ந்தது.

"என்ன திடீர்னு தாராளம்?" என்றாள் ஒடாலி.

"உன் சிநேகிதிங்களுக்கு நான் ஒரு வாய் போடக் கூடாதா?"

"தாராளமாப் போடுங்க. வயிறார வாழ்த்துவாங்க."

சனிக்கிழமை பானை கொதித்தது. உருளைக்கிழங்கு, சோளம், பூண்டு, மிளகாய்த்தூள், மேலே சிங்கி. பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், உரித்தார்கள். மணி மூணு ஆனது. ஒருத்தியும் அசையவில்லை. நூமாவின் நெஞ்சு ரெண்டு அங்குலம் விரிந்தது. அடுத்த பானையை ஏற்றினார்.

நாலரைக்குக் கொல்லைக் கதவு திறந்தது. பர்னல். அவர் பின்னால் "வேண்டாம்" கட்சி முழுசும்.

"ஒடாலி கூப்பிட்டுச்சுண்ணே," என்றார் பர்னல். "பொம்பளைங்களுக்கு மட்டும் போட்டா மனசு கேக்காதுன்னு சொல்லிச்சு. நல்ல மனசு."

நூமாவுக்குப் பகீரென்றது. ஓட்டுப் போட்டாச்சா என்று கேட்கணும். எப்படிக் கேட்பது? ஓட்டு என்ற சொல் வாயிலிருந்து விழுந்தால் பெண்களுக்கு ஞாபகம் வந்துவிடுமே. கண்ணைக் காட்டினார். புருவத்தைத் தூக்கினார். பள்ளிக்கூடத் திசையில் தாடையை இழுத்தார்.

"கண்ணுல மிளகாய் பட்டுருச்சு போல," என்றார் பர்னல். "தண்ணி குடுங்கப்பா அண்ணனுக்கு."

ஆறு மணிக்கு மறுபடி கண்ணைக் காட்டினார். இன்னும் சாப்பிடச் சொல்கிறார் என்று பர்னல் இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டார். ஏழு மணிக்கு நூமாவே நழுவப் பார்த்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் ஒடாலி. "பானை கொதிக்குது. ஒரு நிமிஷம் விட்டீங்கன்னா சிங்கி குழைஞ்சுரும். உங்க கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?"

"யாருக்கும் வராது," என்றாள் மிஸ் எர்லின், பக்கத்து வீட்டுக்காரி. வாய் நிறைய இருந்தது.

கைப்பக்குவம் என்றதும் நூமா கால் நகரவில்லை. போகட்டும், பெண்களும்தானே இங்கேயே இருக்கிறார்கள். எதிரிப் படை முழுசும் தன் கொல்லையில் கைதி. வேறென்ன வேணும்?

மணி எட்டு அடித்தது. நூமா கரண்டியைக் கீழே வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மகாராணிகளே, கதவைச் சாத்திட்டாங்க. எதையாவது மறந்துட்டீங்களா?"

மிஸ் எர்லின் யோசித்தாள். "எலுமிச்சம்பழம். அடுத்த தடவை இன்னும் ரெண்டு போடுங்க."

"ஓட்டும்மா, ஓட்டு."

"அதுவா? நாங்கல்லாம் போன வாரமே முன்கூட்டிப் போட்டுட்டோமே. நகராட்சியில அதுக்குன்னு தனியா ஓட்டுச்சாவடி வச்சிருக்காங்கல்ல."

நூமா பர்னல் பக்கம் மெல்லத் திரும்பினார். பர்னலின் மிளகாய்ச் சிவப்பேறிய விரல்கள் அந்தரத்தில் நின்றன.

"சாப்பிட்டுட்டுப் போகலாம்னு இருந்தோம்ணே. நீங்கதான் இன்னும் சாப்பிடு, இன்னும் சாப்பிடுன்னு கண்ணைக் காட்டினீங்க."

முடிவு தொலைக்காட்சியில் வந்தது. பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் "வேணும்" ஜெயித்தது. மேஜையில் உரித்துக்கொண்டிருந்த ஆண்கள் பன்னிரண்டு பேர், சமையல்காரரைச் சேர்க்காமல். பெண்கள் எழுந்து ஆடினார்கள். ஒடாலி தலைக்கு மேல் கைக்குட்டையைச் சுழற்றியபடி கொல்லையை ஒரு சுற்று வந்தாள். தோற்ற கட்சியும் தாளத்துக்குப் பானையைத் தட்டியது.

எல்லாரும் போன பிறகு நூமா மெதுவாகக் கேட்டார்.

"ஏ ஒடாலி, போன வாரமே போட்டாச்சுன்னா, மூணு மணிக்குப் போறதா செவ்வாய்க்கிழமை ஏன் போன்ல பேசினே?"

ஒடாலி மிச்சமிருந்த சிங்கியை எடுத்து நிதானமாக உரித்தாள்.

"அப்படிப் பேசலேன்னா நீங்க எங்களுக்கு விருந்து போட்டிருப்பீங்களா?"