சீன எழுத்தில் பிறந்த மூன்று பேரப்பிள்ளைகள்

மதிப்பிற்குரிய மச்சான் அப்துல் ஹலீம் அவர்களுக்கு, மதுரையிலிருந்து சேக் மைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் தங்கள் தங்கை அஜ்மல் பீவியும் அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை. கொட்டாம்பட்டியில் தாங்களும் தங்கள் வீட்டிலும் தங்கள் மகன் மாப்பிள்ளை முகமது யாசீனும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

நேரில் சொல்ல எனக்கு முகம் இல்லை. பெருநாளன்று பிரியாணித் தட்டில் கை வைத்தபடியே நீங்களும் நானும் பேசி முடித்தோமே, ஃபர்ஹாவுக்கும் யாசீனுக்கும் கல்யாணம் என்று, அது நடக்காது. மன்னிக்க வேண்டும். இரண்டு வருடமாகச் சீனாவில் டாக்டருக்குப் படிக்கும் என் மகளுக்கு ஏற்கெனவே மூன்று குழந்தைகள் இருக்கின்றன.

யார் சொன்னது என்று கேட்பீர்கள். யாரும் சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். என் எலக்ட்ரிக் கடைக்கு வரும் பெட்டியெல்லாம் சீன எழுத்தாக இருக்கிறதே, மகளும் அங்கேதானே இருக்கிறாள் என்று செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அவர்கள் எழுத்துக்கு உள்ளே உறுப்பு உறுப்பாக இருக்கும் மச்சான். மூன்று சொட்டு இருந்தால் தண்ணீர், மேலே தொப்பி மாதிரி இருந்தால் கூரை, இப்படி இருநூற்றுப் பதினான்கு உறுப்புகள், எனக்கு நாற்பது வரை மனப்பாடம். போன மாதம் எல்.இ.டி. பல்புப் பெட்டியில் நெருப்பு உறுப்பைப் பார்த்து, 'தீப்பிடிக்கும் சரக்கு' என்று எழுதியிருக்கிறது போல என்று பயந்து நாற்பது பெட்டியையும் தெருவில் இறக்கி வைத்தேன், அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. அது வெறும் 'விளக்கு' என்று பிறகு தெரிந்தது. நெருப்பில்லாமல் ஏது விளக்கு, நான் படித்ததில் பாதி சரிதானே?

போன வெள்ளிக்கிழமை ஃபர்ஹா வீடியோ காலில் வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு சிவப்புத் தாள், அதில் நான்கு பெரிய எழுத்துகள். முதல் எழுத்தில் ஒரு பெண், பக்கத்திலேயே ஒரு குழந்தை. இரண்டாவதிலும் அதே பெண், இன்னொரு குழந்தை. மூன்றாவதில் கூரைக்குக் கீழே தனியாக ஒரு குழந்தை. நான்காவதில் பாதிச் சிறகு. தகப்பன்காரன் பறந்துவிட்டான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பதறாமல் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"அங்க எல்லாரும் நல்லா இருக்காகளாம்மா?"

"நல்லா இருக்காங்கத்தா."

"சின்னவக என்ன செய்றாக?"

"எல்லாம் தூங்குதுக. எம்புட்டுக் கத்துனாலும் எந்திரிக்க மாட்டேங்குதுக."

இதற்கு மேல் என்ன கேட்பது? போனை வைத்துவிட்டு அஜ்மல் பீவியிடம் சொன்னேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு விரல்விட்டு எண்ணி, "ரெண்டு வருசத்துல மூணுன்னா அதுல ரெண்டு ரெட்டைதாங்க" என்றாள். அசர் தொழுகைக்குள் விளக்குத்தூண் பக்கம் போய் மூன்று ஸ்வெட்டர் வாங்கி வந்துவிட்டாள். "அங்க பனி பெய்யுமாம்ல, பச்சப்புள்ளைக என்ன பாவம் பண்ணுச்சு?" என்று என்னையே அதட்டுகிறாள். நேற்று தங்கள் வீட்டாருக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். அதனால்தான் அவசரமாக இந்தக் கடிதம். யாசீன் தங்கமான பிள்ளை, அவனுக்கு நல்ல இடமாகப் பாருங்கள். எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

எல்லாருக்கும் ஸலாம். அல்லாஹ் தங்கள் குடும்பத்துக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக.

வஸ்ஸலாம்,
சேக் மைதீன்

பி.கு: கவரை ஒட்டும் நேரத்தில் ஃபர்ஹா கூப்பிட்டாள். மனம் பொறுக்காமல் நேராகவே கேட்டுவிட்டேன். ஐந்து நிமிடம் சிரித்தாள். பெண்ணும் குழந்தையும் சேர்ந்தால் 'நல்ல' என்று அர்த்தமாம்; சுவரில் இருப்பது 'நல்லா நல்லாப் படி' என்பதாம், அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் தொங்குமாம். தூங்கியது ஹாஸ்டலில் இருக்கும் முதல் வருடத்து ஜூனியர் பிள்ளைகளாம். அஜ்மல் பீவி மூன்று ஸ்வெட்டரையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு குழந்தைகூட இல்லையா என்று மறுபடியும் அழுகிறாள். நான் நிம்மதியாகி, "கல்யாணத்த நிறுத்தச் சொல்லி மாமாவுக்கு எழுதிட்டேன்மா, இந்தா இப்பவே கிழிச்சுப் போடுறேன்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "கிழிக்காதீங்கத்தா. யாசீன் மச்சான் நல்லவுகதான். ஆனா வேணுமான்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே" என்றாள். கிழிக்க எடுத்த கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன் மச்சான். ஆகவே, மேலே உள்ள மூன்று குழந்தைகளையும் பறந்துபோன தகப்பனையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கல்யாணம் நடக்காது என்பதை மட்டும் அடிக்க வேண்டாம்.