பூட்டுக்காரர் ஊற்றில் குளித்த நாள்

உயிரே போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று பூட்டுக்காரர் முடிவெடுத்தார். அந்தத் தீர்மானத்தில் இருந்த கோளாறு அவர் மனைவிக்கு மட்டும்தான் உறைத்தது.

விஷயம் ஒரு கட்டி. கழுத்தின் வலது பக்கம் பட்டாணி அளவில் தொடங்கி, கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தது. சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாமல் போன அன்று மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் அழுத்திப் பார்த்தார். ஊசியால் குத்திப் பார்த்தார்.

"சந்தேகமாத்தான் இருக்கு. வெளியே எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

பூட்டுக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. எந்தப் பூட்டையும் ஒரு கம்பியால் திறப்பார். எந்த இக்கட்டிலிருந்தும் வாயால் வெளியே வருவார். அறுவை சிகிச்சைக்குக் குறித்த முதல் தேதி வந்தபோது ஒரு நகைக்கடைப் பெட்டகம் திறக்கவில்லை என்றார். இரண்டாவது தேதிக்குச் சளி. மூன்றாவது தேதிக்கு, டாக்டருக்கே உடம்பு சரியில்லையாம் என்றார். டாக்டர் அன்று பகல் முழுக்க இவருக்காகக் காத்திருந்தார்.

"எனக்கு அறுவைன்னாலே ஆகாதும்மா. கல்யாணம் ஆன நாளா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"உங்களைக் கட்டிக்கிட்டு நான் ஒருத்தி படறது போதாதா? இன்னொண்ணு வேற உங்களைக் கட்டிக்கிட்டு அழணுமா?"

வேடிக்கையெல்லாம் மேலுக்குத்தான். அவருடைய அண்ணனுக்கும் வயிற்றில் இப்படி ஒன்று வந்தது. அண்ணன் மாடிப்படியைத் தானே இறங்கி, திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வரும்போது நாலு பேர் தூக்கி வந்தார்கள். அதிலிருந்து மருந்து வாசனை மூக்கில் பட்டாலே பூட்டுக்காரருக்கு அந்தக் கை கண்ணுக்குள் அசையும்.

நாலாவது தேதி புதன்கிழமை காலை எட்டு மணி. செவ்வாய் ராத்திரி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"நாளைக்கு எங்கயாவது வெளியே போவோமா? மனசே சரியில்ல."

"நாளைக்கா?"

"காலையிலேயே கிளம்பிடணும். வெயிலுக்கு முன்னாடி."

மனைவி தட்டுகளை அடுக்கினாள். "சரி. ஊற்றுப் பூங்காவுக்குப் போவோம். பள்ளிக்கூடம் லீவுதான், நான் வேன் ஓட்டறேன்."

பூட்டுக்காரர் திகைத்துப் போனார். சண்டைக்கென்று தயார் செய்து வைத்திருந்த பதில்கள் அத்தனையும் வீண். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அன்றாடம் வேன் நிறையக் குழந்தைகளைக் கத்தாமல் உட்கார வைக்கிற மனுஷி. அவளையே பேச்சில் கவிழ்த்துவிட்டோமே என்று அவருக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

காலையில் அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

"பசிக்குதே?"

"வெறும் வயித்துலதான் குளிக்கணும். சாப்பிட்டுட்டு அந்தக் குளிர்ந்த தண்ணியில இறங்கினா இழுத்துக்கும்."

"ஒரு வாய் காபி?"

"அதுவும் இழுக்கும்."

"எதை?"

"உங்களை. அடி ஆழத்துக்கு."

பூங்கா வாசலில் சீட்டு வாங்கி, புல்வெளியைத் தாண்டிப் போனால் பாறைக்குக் கீழே ஊற்று. சுற்றிலும் கல்படிகள். தண்ணீர் அடிமணல் வரை தெரிந்தது. அந்த மணல் உலையில் அரிசி கொதிப்பது மாதிரி ஓயாமல் குமிழ்ந்துகொண்டிருந்தது. கயிறு கட்டிய ஓரத்தில் குழந்தைகள் காற்றடைத்த டயரில் மிதந்தார்கள். தின்பண்டக் கடையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. மனைவி கடைக்கும் அவருக்கும் நடுவில், வழியை மறித்து உட்கார்ந்துகொண்டாள்.

உடை மாற்றும் அறையின் சுவர்க்கடிகாரம் எட்டைத் தாண்டியபோது பூட்டுக்காரர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். இந்நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருக்க வேண்டியவன்! இப்போது பார், மேலே வானம், கீழே தண்ணீர். சிரிப்பு வந்தது. தாகமும் வந்தது. அவள் பார்க்காத நேரத்தில் ஊற்றுவாயில் கை நிறையத் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு முங்கினார்.

தண்ணீருக்கடியில் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அங்கேயும் அது இருந்தது. எங்கே போனாலும் கூடவே வருகிறது.

மூச்சு முட்டி, பாறை ஓரமாக மேலே வந்தபோது மனைவி இவரைக் கவனிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டபடி, தன் கழுத்தின் வலது பக்கத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ட முகத்தில் கோபம் இல்லை. அந்த முகத்தை அவர் இதற்கு முன் பார்த்ததே இல்லை. சத்தம் போடாமல் மறுபடி முங்கிவிட்டார்.

பதினோரு மணிக்குக் கிளம்பினார்கள். சாப்பாட்டுக் கூடை முன் இருக்கையில் ஏறிக்கொண்டதால் அவர் பின்னால் குழந்தைகள் உட்காரும் இடத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். முச்சந்தியில் வேன் வலது பக்கம் திரும்பியது.

"வீடு அந்தப் பக்கம்மா."

"ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எட்டு மணிக்குப் போகவேண்டியதுக்கு இப்பப் போய் என்ன பண்றது?"

"ரெண்டு மணிக்கு மாத்தியாச்சு."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை காலையில."

"நான் கேட்டது ராத்திரிதானே?"

"புதன்கிழமை எட்டு மணிக்கு உங்களுக்கு ஏதாவது முளைக்கும்னு தெரியும். பெட்டகம் முளைக்குமா, சளி முளைக்குமான்னுதான் தெரியாது."

சிக்னலில் வேன் நின்றதும் பூட்டுக்காரர் கதவுப் பிடியை இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பள்ளிக்கூட வேன் அல்லவா, குழந்தைகள் குதித்துவிடக் கூடாதென்று வெளியிலிருந்து மட்டும் திறக்கும்படி அமைத்திருந்தார்கள். ஊரில் அவருக்குத் திறக்காத கதவு இல்லை. இது அசைந்து கொடுக்கவில்லை.

"என் கருவிப் பை எங்கே?"

"வீட்டுல. அலமாரிக்குள்ள பூட்டி வெச்சிருக்கேன்."

"சின்னப் புள்ளையை ஏமாத்தற மாதிரி ஏமாத்திட்டியே! அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

விளக்கு பச்சையாகி வேன் நகர்ந்த பிறகுதான் பேசினாள்.

"உங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனதால சாகலைங்க. ஒரு வருஷம் போகாம இருந்ததாலதான் செத்தாரு. அண்ணி எங்கிட்ட சொல்லி அழுதாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

வழியில் ஒரு தடவை "கூடையில இருக்கறதையாவது கொடு" என்றார். "மாத்துத் துணியும் பல் தேய்க்கிற பிரஷும்தான் இருக்கு" என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். பூட்டுக்காரரின் கண்ணில் ஒளி வந்தது.

"தண்ணி குடிச்சிட்டேனே! ஊற்றுத் தண்ணி. கை நிறைய!"

"எப்ப?"

"எட்டரை இருக்கும். ஐயோ, இன்னிக்கு முடியாதுல்ல?"

"வெறும் தண்ணிதானே, பரவாயில்ல. சட்டையைக் கழட்டுங்க."

"எப்படியும் எதையாவது வாயில போட்டுக்குவார்னு தெரியும் சிஸ்டர். அதான் கைக்கெட்டற தூரத்துல தண்ணி மட்டும் இருக்கற இடமா பார்த்துக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள் மனைவி.

தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். கதவருகே அவருக்குத் திரும்பிப் பார்த்துக் கையசைக்கத் தோன்றியது. தூக்கிய கையை அப்படியே போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

கண் விழித்தபோது கழுத்தில் கட்டு. எதிரில் மனைவி. அவர் வாயைத் திறந்ததும் பாய்ந்து வந்து விரலை உதட்டில் வைத்தாள்.

"மூச்! குரல் நரம்புக்குப் பக்கத்துல கத்தி வெச்சிருக்காங்க. டாக்டர் மறுபடி பார்க்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசினாலும் குரல் போயிடுமாம்."

அவர் பயந்துபோய் வாயை மூடினார். வீட்டுக்கு வந்த பிறகும் திறக்கவில்லை. சாவி செய்ய வந்தவர்களிடம் அவள் பேசினாள். அவர் கையால் ஜாடை காட்டினார். வேறு வழியில்லாமல், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் பேசுவதை முழுசாகக் கேட்டார். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"நீங்க ஒவ்வொரு தேதியையும் தட்டிக் கழிக்கறப்ப நான் வேன்ல தனியா உட்கார்ந்து அழுதிருக்கேன். நீங்க இல்லாத வீட்டுக்கு எப்படித் திரும்பி வர்றதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்ப்பேன். ஒரு நாளும் விடை கிடைச்சதில்ல."

அவர் நாக்கு நுனியில் ஒரு கிண்டல் வந்து நின்றது. சொல்ல வழியில்லை. சற்று நேரத்தில் அது தானாகவே போய்விட்டது. எழுந்து போய், மடித்த துணிகளை அலமாரியில் எடுத்து வைத்தார்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"கெட்ட கட்டிதான். நல்லவேளை, பரவறதுக்கு முன்னாடி எடுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் வேற மாதிரி பேசிட்டு இருப்பேன். ஒரு சிகிச்சை பாக்கி இருக்கு. அடுத்த வாரம் வந்து தங்கணும். வர்றீங்களா?"

மனைவி நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். பூட்டுக்காரர் கைகளை ஆட்டி ஏதோ சொல்ல முயன்றார்.

"ஏன் கையை ஆட்டறீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க."

அவர் தொண்டையைக் காட்டினார். மனைவியைக் காட்டினார். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"பேசக்கூடாதா? யார் சொன்னது? மறுநாளே தாராளமா பேசலாம்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லி அனுப்பினேனே!"

பூட்டுக்காரர் மெல்லத் திரும்பினார். மனைவி கூரையில் சுற்றாமல் நின்ற மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, அடுத்த வாரம் வர்றீங்களா இல்லையா?" டாக்டர் விடவில்லை.

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். குரல் கணீரென்று அப்படியே இருந்தது.

"அவளைக் கேளுங்க டாக்டர்."