அப்பா இருக்கும்வரை எம்.பி.

தேர்தலுக்கு மூன்றே வாரம் இருக்கும்போது, எண்பத்துமூன்று வயது டன்ஸ்டர்வெல் பிரபு, காலைச் சாப்பாட்டில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, நாளைக்கு நரி வேட்டைக்குப் போகப்போவதாகச் சொன்னார். எதிரே இருந்த மகன் ஆம்ப்ரோஸ் தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

பாசம் மட்டும் காரணமில்லை. ஆம்ப்ரோஸ் பதினோரு வருஷமாக அந்தக் கடற்கரைத் தொகுதியின் எம்.பி. இந்த முறை ஜெயித்தால் மந்திரி பதவி என்று லண்டனில் ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்பா கண்ணை மூடினால், அந்த நிமிஷமே பிரபு பட்டம் மகன் தலையில் வந்து உட்காரும். பட்டம் வந்தவர் மக்கள் சபையில் இருக்க முடியாது. பிரபுக்கள் சபைக்குப் போய், தூங்கும் கிழவர்களுக்கு நடுவே காலந்தள்ள வேண்டியதுதான். பட்டம் வேண்டாமென்று சொல்லவும் அந்தக் காலத்துச் சட்டத்தில் வழியில்லை.

ஆகவே ஆம்ப்ரோஸ் அப்பாவின் குதிரையை அடுத்த பண்ணையில் ஒளித்து வைத்தார். கிழவர் தோட்டக்காரரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி, நேராக வாத்துக் குளத்தில் இறங்கினார். சளி பிடித்துக்கொண்டது.

சளிக்கு லண்டனிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். அவருடைய நீளமான கறுப்புக் கார் கடைத்தெருவைக் கடந்ததை ஊரே பார்த்தது. பின்னாலேயே இரண்டு நர்சுகளும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் போனதையும் பார்த்தது. சாயங்காலம் பாதிரியார் வந்து, அடக்கத்தின்போது எந்தப் பாட்டுப் பாட வேண்டும் என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

வெறும் சளிதான் என்று ஆம்ப்ரோஸ் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். போன தேர்தலில் முட்டை வீசிய ஊர், இப்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டது. போன முறை சண்டைக்குக் காரணமான மீன்வலை வரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கையைப் பிடித்து, "அப்பா எப்படி இருக்கார்?" என்று மட்டும் கேட்டார்கள். இந்த ஜனங்களையா நாம் இத்தனை நாள் தப்பாக நினைத்தோம் என்று ஆம்ப்ரோஸுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் அப்பா சாகக் கிடக்கிறார் என்ற வதந்தி அவரை அரித்தது. தேர்தல் ஏஜெண்ட் பிளெங்கின்சாப் ஒரு யோசனை சொன்னார். "வாயால சொன்னா யாரு சார் நம்புவா? பெரியவரையே மேடையில உட்கார வச்சிடுங்க. ஜனங்க கண்ணால பார்க்கட்டும்."

நான்கு கம்பளி, ஒரு வெந்நீர்ப் பையோடு பெரியவர் மேடையில் உட்காரவைக்கப்பட்டார். ஆம்ப்ரோஸ் மீன்வலைக் கண்ணின் அளவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பத்தாவது நிமிஷமே அப்பாவின் தலை தோளில் சாய்ந்தது, வாய் திறந்துகொண்டது. முன்வரிசையில் மீன்கடை மிசஸ் டாட் கண்ணைத் துடைத்தாள். கூட்டம் முழுக்கச் சத்தமில்லாமல் எழுந்து நின்றது.

வீடு திரும்பும் வழியில் கிழவர் கொட்டாவி விட்டார். "டேய், இதுக்கு அந்தக் குளமே தேவலடா."

போன முறை நானூறு ஓட்டு வித்தியாசம். இந்த முறை ஒன்பதாயிரம். மறுநாளே லண்டனிலிருந்து தொலைபேசி வந்தது, மீன்வளத் துறை மந்திரி என்று. ஆம்ப்ரோஸ் குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, வாக்காளர்களுக்கு நன்றி சொல்லக் கடைத்தெருவுக்குப் போனார்.

அங்கே குளம்புச் சத்தம் கேட்டது. குதிரையை எப்படியோ கண்டுபிடித்துவிட்ட அப்பா, சிவப்புக் கோட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி பாய்ந்து வந்தார். முட்டைக்கோஸ் வண்டியை ஒரே தாவலில் தாண்டினார். தொப்பியைத் தூக்கி எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவரும் கைதட்டவில்லை. ரொட்டிக்கடைக்காரர் கதவைச் சாத்தினார். கசாப்புக்கடைக்காரர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் குழம்பிப்போய் மிசஸ் டாட்டிடம் ஊருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அவள் மீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. மூணு தலைமுறையா நாங்க உங்க கட்சி, மாத்திப் போட மனசு வராது. 'இந்த ஒரு தடவை மட்டும் போட்டுடுங்க, கிழவர் பத்து நாள் தாங்க மாட்டார், அப்புறம் இடைத்தேர்தல்ல நம்ம கட்சியிலயே நல்ல ஆளா நிறுத்திடலாம்'னு வீடு வீடா வந்து சொன்னதே உங்க பிளெங்கின்சாப்தானே?"