நோட்டு வாசித்தவரும் நம்பர் அடித்தவரும்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த செருப்புக் கடையில் ஒரு மகான் வந்து இறங்கியிருந்தார். கைரேகை பார்ப்பதில்லை. முகம் பார்ப்பதில்லை. சட்டைப் பையிலிருக்கும் ரூபாய் நோட்டை நீட்டினால் போதும். அதிலுள்ள எழுத்து, எண், ஓரக்கோடு எல்லாவற்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து விதியை வாசித்துவிடுவார். மனிதனுக்குக் கடிதம் போட கடவுளுக்கு வேறு தாளே கிடைக்கவில்லை போலும்!

வரிசை தெருமுனை வரை நின்றது. அதில் அச்சகத்து நம்பர்காரரும் நின்றார். இருபத்திரண்டு வருடமாக ரசீதுப் புத்தகங்களுக்கு எண் அடிப்பவர். ஒரு அடிக்கு ஒரு எண் கூடும், அவ்வளவுதான் ரகசியம் என்று ஊருக்கே சொல்லியிருக்க வேண்டிய ஆள். அன்று அறிவை அச்சகத்திலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தார்.

"இது கண்ணீர் பட்ட நம்பர். பெட்டியில போட்டுடுங்க" என்றார் மகான், அவர் நீட்டிய நோட்டைப் பார்த்து. "இந்தாங்க, ராஜ நோட்டு. இருபது நோட்டு குடுத்து இதை வாங்கினா ஆயுசு முழுக்கக் குறையே இருக்காது."

முட்டிவலியோடு தையல் மெஷினை மிதிக்கும் மனைவி, அதற்கு மோட்டார் வாங்கச் சேர்த்த பணம் நம்பர்காரர் பையில் இருந்தது. கொடுத்துவிட்டார். கூடவே ஒரு உத்தரவாதப் பத்திரமும் கிடைத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கத்தவில்லை. பத்திரத்தைத்தான் படித்தாள்.

"ஏங்க, இது உங்க அச்சகத்துல அடிச்சதா?"

எட்டிப் பார்த்தார். மேலே வரிசை எண். அதில் நாலுக்குக் கால் உடைந்திருந்தது. அவருடைய மெஷினின் நாலுதான். போன வாரம் தன் கையாலேயே அடித்த எண்ணை, இன்று காசு கொடுத்துக் கும்பிட்டு வாங்கி வந்திருக்கிறார்! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியாமல் இரண்டையும் செய்தார்.

மறுநாள் மனைவி அந்த ராஜ நோட்டையே கசக்கி மகானிடம் நீட்டினாள். நம்பர்காரர் குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அடடா! பாழான நம்பர்மா இது!" மகான் பதறினார். "வீட்டுல வெச்சிருந்தா புருஷனுக்குப் புத்தி கெட்டுப்போகும்."

"சரியாத்தான் சொல்றீங்க. நேத்தே கெட்டுப்போச்சு" என்றவள் பத்திரத்தை எடுத்து வைத்தாள். "இதே நம்பரைத்தான் ராஜ நம்பர்னு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

மகானுக்கு வியர்த்தது. "அது... நேத்து நேரம் வேறம்மா..."

"ஆயுசு முழுக்கன்னு எழுதியிருக்கே. உங்க ஆயுசு ஒரே நாள்தானா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. பலர் பைகளிலிருந்தும் பத்திரங்கள் வெளியே வந்தன. யாரோ பெட்டியைத் திறந்தார்கள். கண்ணீர் பட்ட நோட்டுகளெல்லாம் உள்ளே தேய்த்து மடித்து, அடுத்த ராஜாக்களாகக் காத்திருந்தன. மகான் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நம்பர்காரர் குடையை மடக்கிவிட்டு முன்னால் வந்து தன்னுடையதை வாங்கிக்கொண்டார். அவர் பட்ட வெட்கத்தை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியே ஒருவர் அவர் தோளைத் தொட்டார். "அண்ணே, நீங்க நம்பர் அடிக்கிறவராமே? அப்போ எது நல்ல நம்பர்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

நம்பர்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏமாளிங்களுக்கு ஒரு வரிசை நம்பர் ஓடுது தம்பி. நேத்து அடிச்சது எனக்கு. அடுத்தது காலியா இருக்கு. உங்களுக்கு அடிக்கட்டுமா, இல்ல கொஞ்சம் யோசிக்கறீங்களா?"