ஐயாயிரம் வெள்ளியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அத்தான்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.
வியாழக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய ஞானப்பிரகாசம் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் மாரிஸ் பணிவுடன் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கு நானும் ஸ்டெல்லாவும் மகள் கிறிஸ்டினும் சுகம். கிள்ளானில் நீங்களும் லூசி அக்காவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பண்டமாரானில் புதிதாக வாங்கிய லோரி நன்றாக ஓடுகிறதா? ஓட வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

இது நேரில் வந்து சொல்ல வேண்டிய விஷயம். நேரில் வரத் தைரியம் இல்லாமல் மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் நான் விஷயத்துக்கு வருவதற்குள், "நன்றியெல்லாம் எதுக்கு மாரிஸ், நம்ம பிள்ளைதானே லா" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நான் நன்றி சொல்லக் கூப்பிடவில்லை அத்தான். அதற்காக நன்றி இல்லாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். நன்றி நிறைய இருக்கிறது, அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. கடிதத்தில் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் தகப்பனார் சின்னப்பன் மாமாவின் நினைவாகக் கிறிஸ்டினுக்கு நீங்கள் கொடுத்த உபகாரச் சம்பளத்தைத் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிடாமல் அக்கா முகத்துக்காக மேலே படிக்கவும்.

முப்பத்தொரு வருடம் ரயில்வே ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கணக்கு வைத்தவன் நான். ஒரு பெட்டி கூடுதலாக வந்தால் அலமாரியில் ஒரு பெட்டி கூடுதலாக இருக்கும், அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. கிறிஸ்டின் படிக்கும் செராஸ் கல்லூரியில் கணக்கு அப்படி இல்லை. அவளுடைய பிசியோதெரபி படிப்புக்கு வருடத்துக்கு இருபத்து நாலாயிரம் வெள்ளி. என் பென்ஷன் சிலிப்பைப் பார்த்து இரக்கப்பட்டுக் கல்லூரியே பத்தாயிரம் வெள்ளி உதவித்தொகை கொடுத்தது. கல்விக் கடன் ஒன்பதாயிரம். மிச்சம் ஐயாயிரம் நான் கட்ட வேண்டும். அந்த ஐயாயிரத்துக்காகத்தான் ஸ்டெல்லா சனி, ஞாயிறுகளில் கேக் செய்து விற்கிறாள், நான் பின்தெருவில் இருக்கும் கொண்டோ அடுக்குமாடி வாசலில் உட்கார்ந்து உள்ளே போகிற கார்களின் நம்பரை எழுதுகிறேன். இப்படி இருக்கும்போது நீங்கள் சரியாக ஐயாயிரம் கொடுத்தீர்கள். கிள்ளான் கோயில் மண்டபத்தில் கதவு அளவு அட்டைக் காசோலையைக் கிறிஸ்டின் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, "இனிமேல் என் மகள் படிப்புக்கு நான் ஒரு காசுகூடச் செலவழிக்க வேண்டியதில்லை" என்று சொல்லி அழுதேன். அக்காவும் அழுதார்கள். பங்குச் சாமியார்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று நான் சொன்னது பொய் அத்தான். சொல்லும்போது பொய் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. முதல் வரியில் கிறிஸ்டினுக்கு வாழ்த்து. இரண்டாவது வரியில், வெளியிலிருந்து ஐயாயிரம் கிடைத்திருப்பதால் கல்லூரி உதவித்தொகை பத்தாயிரத்திலிருந்து ஐயாயிரமாகத் திருத்தப்படுகிறது என்று இருந்தது. டைப் அடித்தவர் தவறிவிட்டார் என்று நினைத்து, பாவம், யார் வேலைக்கும் ஆபத்து வந்துவிடக்கூடாதே என்று நானே எம்.ஆர்.டி. ரயில் பிடித்துச் செராஸுக்குப் போனேன். உதவித்தொகைக் கவுண்டரில் நித்யா என்று ஒரு பெண். நல்ல பெண். நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"தப்பு இல்லை அங்கிள். இந்த உதவித்தொகை தேவையைப் பார்த்துக் குடுக்கிறது. உங்களுக்கு வெளிய ஐயாயிரம் கிடைச்சதால உங்க தேவை குறைஞ்சிடுச்சு."

"என் தேவை குறையலையேம்மா. போன மாசம் எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவுதான் இருக்கு."

"அது உங்க தேவை அங்கிள். நான் சொல்றது ஃபார்ம்ல இருக்கிற தேவை."

"அப்போ எங்க அத்தான் குடுத்த காசு எங்கம்மா போச்சு?"

அவள் சற்று யோசித்துவிட்டு, "கிறிஸ்டின் கணக்குலதான் இருக்கு அங்கிள். அங்க முன்ன இருந்த எங்க காசு மட்டும் எங்ககிட்ட திரும்பி வந்திருச்சு. அதை இன்னொரு பிள்ளைக்குக் குடுப்போம்" என்றாள்.

யாருக்கோ நல்லது நடக்கிறது என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் கட்ட வேண்டிய ஐயாயிரம் அப்படியே இருந்தது. வீடு வந்து ஸ்டெல்லாவிடம் விளக்கிச் சொன்னேன். அவள் கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்படின்னா அண்ணே குடுத்தது நமக்கா, காலேஜுக்கா?" என்றாள். பிறகு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். ஐயாயிரம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் கிடைத்தால் சரியாகிவிடும். இந்த யோசனை என்னுடையது மட்டுமே, ஸ்டெல்லாவுக்கோ கிறிஸ்டினுக்கோ இதில் பங்கு இல்லை.

கிள்ளான் வியாபாரிகள் அறநிதிச் செயலாளர் வைரவன் செட்டியாரை உங்களுக்குத் தெரியும். அவரிடம் நானே ஃபாரம் வாங்கி வந்தேன். கிறிஸ்டின் மூன்று பக்கக் கட்டுரை எழுதினாள், நூற்றிருபது பிள்ளைகளில் முதலாவதாக வந்தாள், மூவாயிரம் வெள்ளி. விழாவில் எனக்கும் பொன்னாடை போட்டார்கள். கல்லூரியிலிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. உதவித்தொகை இப்போது இரண்டாயிரம். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். பழைய ரயில்வே நண்பர்கள் சங்கத்தில் இரண்டாயிரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அதற்கும் ஓடினேன். அதுவும் கிடைத்தது, அங்கும் பொன்னாடை. கல்லூரி உதவித்தொகை பூஜ்யம். மூன்று விழா, இரண்டு பொன்னாடை, குடும்பமாக நின்று எடுத்த ஒன்பது படம், கையிலிருந்து கட்ட வேண்டியது அதே ஐயாயிரம். இல்லை, அதே ஐயாயிரம் இல்லை. உதவித்தொகை வாங்குகிற பிள்ளைகளுக்கு மருத்துவமனைப் பயிற்சிக் கட்டணம் ஆயிரத்து எண்ணூறு தள்ளுபடியாம். கிறிஸ்டின் இப்போது உதவித்தொகை வாங்காத பிள்ளை, ஆகவே அதையும் கட்ட வேண்டும். மொத்தம் ஆறாயிரத்து எண்ணூறு. என் மகள் மூன்று இடத்தில் ஜெயித்ததற்கு ஆயிரத்து எண்ணூறு வெள்ளி அபராதம் என்று நான் கொண்டோ காவலாளி சுகுமாறனிடம் சொன்னபோது, "அண்ணே, நீங்க கணக்கைத் தலைகீழா வச்சுப் பார்க்கிறீங்க போல" என்றான். அவனும் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தான். பிறகு எனக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தான்.

இதுவரை நடந்ததைச் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். போன வாரம் செவ்வாய்க்கிழமை நடந்தது அப்படி இல்லை. சாப்பாட்டு மேசையில் கிறிஸ்டின் எனக்குத் தெரியாமல் ஒரு ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பாதி வருடம் படிப்பை நிறுத்தி வைக்கக் கேட்கும் ஃபாரம். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மருந்துக் கடையில் வேலை பேசிவிட்டாளாம். அந்த ஆறாயிரத்து எண்ணூறைச் சேர்த்துக்கொண்டு திரும்பப் போகிறாளாம். நான் ஃபாரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. "அப்பா, அந்தக் கட்டுரையை நான் ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினேன். ஜெயிச்சதும் இனி நீங்க கார் நம்பர் எழுதப் போக வேண்டாம்னு நெனச்சேன். நீங்க இன்னும் போறீங்க. அப்புறம் நான் எதுக்கு ஜெயிச்சேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். நிறுத்துகிற பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்ப வருவதில்லை என்று நித்யா சொல்லியிருந்தது என் காதில் அப்போதுதான் விழுந்தது போல் இருந்தது. ஃபாரத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். எங்கே போவது என்று தெரியாமல் சென்ட்ரல் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று ரயில் போவதைப் பார்த்தேன். எழுந்து நான்காவதில் ஏறி மறுபடி நித்யாவிடமே போனேன்.

அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்கிள், பேர் வச்சு, விழா எடுத்து, ஃபீஸுக்குன்னு குடுத்தா அது உபகாரச் சம்பளம். நாங்க கழிச்சே ஆகணும். மாமா தன் தங்கச்சி பிள்ளைக்கோ மச்சினன் பிள்ளைக்கோ கையில குடுத்தா அது குடும்ப விஷயம், நாங்க கேக்கவே மாட்டோம். இல்லைன்னா ஃபீஸுக்கு இல்லை, புத்தகம், யூனிஃபார்ம், ஆஸ்பத்திரிக்குப் போக வர பஸ் காசு இதுக்குத்தான்னு குடுக்கிறவங்க எழுதித் தந்தாலும் போதும்."

"அதே காசுதானேம்மா?"

"அதே காசுதான் அங்கிள்."

எனக்குப் புரியவில்லை அத்தான். இப்போதும் புரியவில்லை. ஆனால் செய்ய வேண்டியது என்ன என்று மட்டும் தெரிந்துகொண்டேன். அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். சின்னப்பன் மாமா பெயரைக் கிறிஸ்டின் தலையிலிருந்து எடுத்துவிடுங்கள். வரும் பதினைந்தாம் தேதிக்குள் கல்லூரிக்கு ஒரு வரி எழுதி, இந்த உபகாரச் சம்பளத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அப்போது கல்லூரி உதவித்தொகையில் ஐயாயிரமாவது திரும்ப வரும், பயிற்சிக் கட்டணமும் தள்ளுபடியாகும். காரணம் கேட்டால் என்மேல் கோபம் என்று சொல்லிவிடலாம், நான் வருத்தப்பட மாட்டேன். பண்டமாரானில் உங்கள் லோரி டிரைவர் நாகையாவின் மகள் தனலெட்சுமி எந்த உதவித்தொகையும் இல்லாமல் படிக்கிறாள். அவளிடம் கழிப்பதற்கு ஒன்றும் கிடையாது, அவள் கைக்குப் போனால் ஐயாயிரம் ஐயாயிரமாகவே இருக்கும். மாமாவின் பெயரும் அவளிடம் நிலைக்கும். கையில் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வெட்கம், எங்களுக்கு நீங்கள் ஒன்றும் தர வேண்டாம். அட்டைக் காசோலையை இத்துடன் அனுப்ப முயன்றேன், தபால் கவுண்டரில் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

மேடையில் அப்படி அழுதுவிட்டு இப்போது இப்படிக் கேட்கிறேனே என்று அக்கா நினைத்தால், தம்பி குழம்பிப்போயிருக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மை. வைரவன் செட்டியாரைப் பார்த்தால், அவருக்கு நான் கொடுத்த வீண் வேலைக்கு என் மன்னிப்பையும் சொல்லவும்.

அக்காவின் முழங்காலுக்கும் உங்கள் லோரிகளுக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காப்பாராக. ஸ்டெல்லா ஒரு பழக் கேக் எடுத்து வைத்திருக்கிறாள், அடுத்த முறை வரும்போது கொண்டு வருகிறோம்.

உங்கள் அன்பை ஒருபோதும் மறக்காத,
மைத்துனன்
மாரிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்தலையும் வைத்தாகிவிட்டது. கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். கிறிஸ்டின் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து, அப்பா, லெட்டர் வேண்டாம் என்றாள். அவளும் நித்யாவிடம் கேட்டுக்கொண்டு, போன சனிக்கிழமையே தனியாகக் கிள்ளானுக்கு வந்து உங்களைப் பார்த்தாளாமே. உங்கள் ஐயாயிரம் ஃபீஸுக்கு இல்லை, புத்தகத்துக்கும் யூனிஃபார்முக்கும் பஸ்ஸுக்கும்தான் என்று நீங்கள் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டீர்களாம். "உங்கப்பன்கிட்ட இப்ப சொல்லிடாத, லெட்டர் எழுத ஆரம்பிச்சிடுவான்" என்றும் சொன்னீர்களாம். வைரவன் செட்டியாரையும் ரயில்வே நண்பர்களையும் அவளே பார்த்து, அந்தப் பணத்தை வரிசையில் அடுத்து இருந்த பிள்ளைகளுக்கு மாற்றிவிட்டாளாம். கல்லூரி இன்று பத்தாயிரத்தையும் பயிற்சிக் கட்டணத் தள்ளுபடியையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. படிப்பை நிறுத்தவில்லை. ஆகவே மேலே எழுதியதில் ஒன்றையும் செய்ய வேண்டாம், விசாரிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அவள் சொல்லி முடித்த கையோடு எனக்கு ஒரு போன் வந்தது. கிள்ளான் லோரி முதலாளிகள் சங்கம். போன மாதம் குழப்பத்தில் அங்கேயும் ஒரு ஃபாரம் போட்டிருந்தேன், அதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். கிறிஸ்டினுக்கு நாலாயிரம் வெள்ளி கிடைத்திருக்கிறது. விழா ஞாயிற்றுக்கிழமை, தலைமை நீங்கள்தான் என்கிறார்கள். அத்தான், அவள் பெயர் வரும்போது மைக் கெட்டுப்போகும்படி பார்த்துக்கொள்ள முடியுமா?