கட்டுப்பல் மாஸ்டரும் கறுப்பு வெள்ளைக் காட்டேரியும்

படம் ஆரம்பிக்க அரை மணி நேரம்தான் இருந்தது. கட்டுப்பல் மாஸ்டருக்கு முன்வரிசையில், நட்டநடுவில் நாற்காலி போட்டுவிட்டார்கள்.

தெருவில் பாதிப் பேர் வாயில் இருப்பது மாஸ்டர் செய்த பல். திரைப்படச் சங்கத் தலைவரும் அவர்தான். அன்றைக்குப் போடவிருந்த, பேசும்படம் வந்த புதிதில் எடுத்த ரத்தக்காட்டேரிப் படத்தை இருபது தடவை பார்த்தேன் என்று சொல்லிச் சொல்லியே தலைவரானவர். "காட்டேரியோட பல்லு மூணு விரல் நீளம். அந்த வேலைப்பாடு இப்ப யாருக்கு வரும்?" என்று பெருமூச்சு விடுவார்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இருபது தடவையும் தூணுக்குப் பின்னால், கண்ணை இறுக மூடிக்கொண்டுதான். ஓநாய் ஊளையும் சவப்பெட்டியின் கிறீச்சலும் மனப்பாடம். காட்டேரியின் முகம்தான் தெரியாது.

இது எப்படியோ அவர் மச்சான் மூக்கில் வியர்த்துவிட்டது. மாமா ஒரு தடவை கண்ணை மூடினாலும் தலைவர் பதவி தனக்கு என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். மாஸ்டரும் வீறாப்பாகத் தலையாட்டித் தொலைத்தார்.

கண்வலி என்று கறுப்புக் கண்ணாடி மாட்டி வந்தார் மாஸ்டர். கண்வலிக்காரருக்குத் தூரத்திலிருந்து தெரியாதே என்று மச்சான்தான் அந்த நாற்காலியைப் போட்டது. கண்ணாடியின் பக்கவாட்டில் எட்டிப் பார்க்க வசதியாகத் தானும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

காட்சியே நின்றால் தேவலை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோய், பையிலிருந்த பல்வேலைக் கத்தரியால் ஸ்பீக்கர் ஒயரை நறுக்கினார். படத்துக்குச் சத்தம் வராது என்று புரொஜெக்டர்காரர் கையை விரித்தார். மாஸ்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு செருப்பைத் தேடும்போது மச்சான் வாயைத் திறந்தார்.

"எதுக்கு நிறுத்தணும்? மாமாவுக்குத்தான் வசனமெல்லாம் மனப்பாடமாச்சே. அந்த மைக்கைக் குடுங்க."

பாழாய்ப்போன மைக்குக்குத் தனி ஸ்பீக்கர்; அது நன்றாகவே வேலை செய்தது.

விளக்கை அணைத்தார்கள். மாஸ்டர் திரைக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ஓநாயாக ஊளையிட்டார், குதிரையாகக் கனைத்தார், கதவாகக் கிறீச்சிட்டார். "வந்துட்டான்... கழுத்துகிட்ட குனியறான்..." என்று குரலை இறக்கியபோது, சும்மா சொல்லக்கூடாது, எதற்கும் அசராத நமக்கே உள்ளங்கை சில்லிட்டது. தன் வாயும் திரையில் ஓடுவதும் பொருந்துகிறதா என்கிற பயத்தில், ஒன்றேகால் மணி நேரத்தில் அவர் சட்டை தொப்பலாகிவிட்டது.

விளக்கு எரிந்ததும் கைதட்டல் அடங்கவில்லை. மச்சான் வெளிறிப்போய் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் தலைவர் மாமா. வாயும் படமும் இம்மி பிசகல. அந்தப் பல்லு, மூணு விரல் நீளம், என் கண்ணாலேயே பார்த்தேன்."

நாமும் ஆமாம் ஆமாம் என்றோம்.

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த புரொஜெக்டர்காரரிடம் போனார். "பொருத்தம் எப்படி இருந்துச்சு?"

"என்ன பொருத்தம் சார்? பத்தாவது நிமிஷமே புரொஜெக்டர் பல்பு போயிடுச்சு. யாராவது சத்தம் போடுவாங்கன்னு டார்ச் அடிச்சுப் பார்த்தா, முன்வரிசையிலேர்ந்து கடைசி வரைக்கும் ஒருத்தர் கண்ணும் திறந்திருக்கல."