புது டாஸ் மேல் போட்ட பழி

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. லாரி கிளம்புவதற்குள் பத்து டெலிவரி சலான் அடித்துக் கொடுக்க வேண்டும்.

1991. ஒரகடம் ரோட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனி. பி.எஸ்சி. முடித்துவிட்டு கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். சனிக்கிழமையோடு ஆறு மாத புரொபேஷன் முடிகிறது.

போன வாரம் மெட்ராஸிலிருந்து இன்ஜினியர் வந்து, கம்ப்யூட்டரை ஓட்டும் டாஸ் புரோகிராமில் பழையதை எடுத்துவிட்டுப் புது டாஸ் போட்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து கம்ப்யூட்டர் ஹேங் ஆகிக்கொண்டே இருந்தது.

நாலாவது சலானில் நின்றது. அணைத்துப் போட்டேன். ஆறாவதில் நின்றது. கர்சர்கூட சிமிட்டவில்லை.

லாரி டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, பொட்டி தூங்கிக்கினு கீதா? கையால எழுதிக் குடேன், நான் போறேன்."

கையால் எழுதுவதற்கு நான் எதற்கு? மேனேஜரும் அதைத்தான் கேட்டார். "சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பழையபடி டைப்ரைட்டர்தான். அதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு, பார்த்துக்கோ."

நான் டைப்பிங் லோயர் பரீட்சைகூட பாஸ் பண்ணியதில்லை.

"அந்த இன்ஜினியர் போட்ட புது டாஸ்தான் சார் காரணம்" என்றேன். அதையே புகாராக எழுதிக் கொடுத்தேன். பயத்தில் மூன்று நகல்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு நகல் அவர் பையில் இருந்தது. மானிட்டருக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"கவர் சார். ரோட்டுப் புழுதி படக் கூடாதுன்னு அம்மா தைச்சாங்க."

வீட்டு ரேடியோவுக்குத் தைத்த மாதிரியே. ரவிக்கை வெட்டிய மிச்சத் துணி, மஞ்சள் பூ, ஓரத்தில் சுருக்கு. முன்பக்கம் மட்டும் திறப்பு. திங்கட்கிழமைதான் மாட்டியிருந்தேன்.

"பின்னாடி ஃபேன் இருக்கே?"

"அங்கதான் சார் ஓட்டை நிறைய இருந்துச்சு. புழுதி அது வழியாத்தானே போகும்? ரெண்டு மடிப்பு வெச்சுத் தைக்கச் சொன்னேன்."

அவர் கவரைக் கழற்றினார். பெட்டியைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "சூடு ஆறட்டும்" என்று டீ குடிக்கப் போனார்.

அவ்வளவுதான் ரிப்பேர். மத்தியானத்துக்குள் முப்பது சலான் அடித்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"மேனேஜர்கிட்ட டாஸ்ல சின்னக் கோளாறுன்னு சொல்லிடட்டுமா?" என்றார் இன்ஜினியர். நல்ல மனிதர். சரி என்று தலையாட்டத்தான் போனேன். ஆனால் மூன்று நகலிலும் அவர் பெயரை எழுதியவள் நான்தானே.

கவரை எடுத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவரைத் திருப்பிப் பார்த்தார். சுருக்கை இழுத்துப் பார்த்தார்.

"தையல் பிரியாதா?"

"பிரியாது சார்."

"என் ஸ்கூட்டர் சீட்டுக்கு ஒண்ணு தைக்கச் சொல்லு. உன் பெர்மனென்ட் ஆர்டரை நீயே அடிச்சுக் கொண்டா. ஹேங் ஆகாம வந்தா கையெழுத்து."

வந்தது.

வீட்டில் அம்மா சீட்டு அளவைக் குறித்துக்கொண்டே கேட்டாள்: "பொட்டிக்கு இன்னாதான் ஆச்சாம்?"

ஆபீஸில் உண்மையைச் சொல்லிவிட்டேன். வீட்டில் இன்றுவரை குற்றவாளி புது டாஸ்தான்.